ஆர்டிஸ் ஓட்டிய வண்டி

"பிரேக்கை மிதிச்சியாய்யா?" என்று கேட்டார் வெண்டல். பக்கத்து வீட்டுக்காரர். கையில் காபிக் கோப்பையோடு ஷெட் வாசலில் சாய்ந்து நின்றிருந்தார்.

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் மெர்வின்.

"பிளேடு லீவர்?"

"அணைச்சிருக்கு."

"சாவி?"

"சாவி இல்லாம இவ்வளவு நேரம் எதைத் திருப்பிக்கிட்டிருக்கேன்னு நினைக்கிறே?"

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. வண்டிக்கு உன்னைப் பிடிக்கல."

மெர்வின் இன்னொரு முறை சாவியைத் திருப்பினார். வண்டி முனகக்கூட இல்லை. பச்சை வண்ணம் பூசிய, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி அது. அவர் உயரமான மனிதர். இருக்கையோ மிகவும் முன்னால் தள்ளியிருந்தது. இரண்டு முழங்கால்களும் ஸ்டீரிங்குக்கு இரு பக்கமும் மேலெழுந்து நின்றன.

"வெட்டுக்கிளி மாதிரி உட்கார்ந்திருக்கே. இருக்கையைப் பின்னால தள்ளுறதுதானே? அடியில ஒரு கொக்கி இருக்கும் பாரு."

"இருக்கட்டும்" என்றார் மெர்வின்.

அந்த இருக்கை அவர் மனைவி ஆர்டிஸின் கால் அளவுக்கு வைத்தது. ஆர்டிஸ் குள்ளம். பண்ணையில் பிறந்தவர். டிராக்டரோ பனி அள்ளும் இயந்திரமோ, கையில் கிடைத்ததை ஓட்டுவார். மெர்வின் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். கண்ணை மூடிக்கொண்டு நைல் நதியை வரைவார். கல்யாணமான முதல் கோடையிலேயே இருவரும் பேசாமலே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: புல் ஆர்டிஸுக்கு, அடுப்பு மெர்வினுக்கு. மினசோட்டாவின் சின்ன ஊர்களில் இது கொஞ்சம் விசித்திரம்தான். ஆனால் ஹால்பர்க்கில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் ஊரில் ஒரு விஷயத்தை யாருமே பேசவில்லை என்றால் எல்லோருக்கும் தெரியும் என்று அர்த்தம்.

நெடுநாள் நோய்க்குப் பிறகு ஆர்டிஸ் பிப்ரவரியில் போனார். தரை கல்லாக உறைந்திருந்ததால், மண் இளகும்வரை காத்திருந்து ஏப்ரல் கடைசியில்தான் அடக்கம் செய்தார்கள். அதற்குள் புல் பச்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது. கல்லறையிலிருந்து திரும்பிய அன்றே மகள் கரின் சமையலறை ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தாள். தோட்டம் என்றால் ஓர் ஏக்கருக்கு மேல். பின்பக்கம் ஏரிவரை சரிவு.

"அப்பா, இதை யாரு வெட்டப்போறா?"

"நான்தான்."

"நீங்க அந்த வண்டியில ஒரு நாளாவது ஏறியிருக்கீங்களா?"

"கத்துக்குவேன்."

கரின் மினியாபொலிஸில் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருந்தாள். முடிவு எடுப்பதே அவளுக்கு வேலை. "சரி. மே கடைசியில அம்மாவுக்குப் பூ வைக்க வருவேன். அன்னைக்குப் புல்லு வெட்டியிருக்கணும். நீங்களே வெட்டியிருக்கணும். அப்படி இருந்தா இந்த வீட்டைப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன். இல்லேன்னா, என் வீட்டுக்கிட்ட வயசானவங்களுக்குன்னு நல்ல குடியிருப்பு ஒண்ணு இருக்கு. அங்க புல்லே கிடையாது. எல்லாம் சிமெண்டு."

மெர்வினுக்கு அந்தச் சிமெண்டு வேண்டவே வேண்டாம். இந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆர்டிஸ் எதையாவது பழுதுபார்த்த இடமாக இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு எங்கே போவது?

அதனால்தான் வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, பாடம் நடத்தப்போகிற ஆசிரியரைப் போல அடிக்கோடிட்டுப் படித்திருந்தார். புல்லில் கிடக்கும் கல், கிளைகளை முதலில் பொறுக்க வேண்டும். சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டக் கூடாது. பின்னால் எடுக்கும் முன் திரும்பிப் பார்க்க வேண்டும். எல்லாம் மனப்பாடம். வண்டி கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்ற பகுதிக்குத்தான் அவர் இன்னும் வந்திருக்கவில்லை.

"பேட்டரி செத்திருக்கும்" என்றார் வெண்டல். "குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்துச்சுல்ல."

மெர்வின் கடைவீதிக்குப் போய்ப் புதுப் பேட்டரி வாங்கிவந்தார். பழையதைத் தூக்கும்போதுதான் பார்த்தார்: கறுப்பு ஒயர் பேட்டரியில் மாட்டப்படாமலே ஓரமாகக் கிடந்தது.

"இது எப்படிக் கழண்டுச்சு?"

"எலி" என்றார் வெண்டல், யோசிக்காமலே.

"எலி நட்டைக் கழட்டுமாய்யா?"

"எங்க வீட்டு எலி கழட்டும்."

மெர்வின் புத்தகம் சொன்ன வரிசையில் முதலில் சிவப்பு ஒயரையும் பிறகு கறுப்பு ஒயரையும் மாட்டினார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. அவர் வெளியே ஓட்டிப்போய் முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த நேரம் பார்த்து மழை வந்தது. அப்படி வந்த மழை அந்த வாரம் முழுக்கப் போகவில்லை. புல்லுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

மழையோடு மழையாகச் சாப்பாடும் வந்துகொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டின் முன்கதவு பாதிரியாருக்கும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கும் மட்டும். மற்றவர்களெல்லாம் ஷெட் வழியாகத்தான் வருவார்கள். அதைப் பூட்டுகிற வழக்கமும் இல்லை. துக்க வீடு என்றால் கேட்கவே வேண்டாம். சர்ச்சில் பாதிப் பேர் அந்த ஷெட்டுக்குள் வந்து, அங்கிருக்கும் ஃப்ரீசர் மேல் எதையாவது வைத்துவிட்டு, ஆள் இருந்தால் வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, இல்லாவிட்டால் சத்தமில்லாமல் போய்விடுவார்கள்.

எல்லோரும் ஓய்ந்த பிறகும் புதன்கிழமை தவறாமல் வந்தவர் ஃபெர்ன். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், ஆர்டிஸின் சிநேகிதி. டூனா மீனும் நூடுல்ஸும் பட்டாணியும் போட்டு ஓவனில் வேகவைத்து, மேலே உருளை வறுவலை நொறுக்கிப் போட்டுக் கொண்டுவருவார். ஃபெர்னுக்கு ஆர்கனைத் தவிர வேறு எந்த இயந்திரமும் ஆகாது என்று ஊரில் பேச்சு. ரொட்டி வாட்டும் டோஸ்டர் டக்கென்று எழும்பினால்கூட ஒரு எட்டுப் பின்னால் போவார்.

"புல்லு எப்படிப் போகுது, மெர்வின்?"

"அது நல்லாத்தான் போகுது. நான்தான் போகல."

"பேட்டரி சரியாயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"ஒயர் கழண்டு கிடந்துச்சு. நானே மாட்டிட்டேன்."

"நீங்களேவா!" என்றார் ஃபெர்ன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைக் கண்டு மெர்வினுக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

வெயில் வந்த மறுநாள் அவர் வண்டியைக் கிளப்பினார். கிளம்பியது. ஷெட்டைத் தாண்டி, வாசல் பாதையின் சரிவில் பாதி ஏறியதும் விக்கல் எடுத்ததுபோல் குலுங்கி நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினால் கிளம்பவில்லை.

மெர்வின் புத்தகத்தைப் புரட்டினார். 'முதலில் ஆயில் அளவைப் பார்க்கவும்' என்றது. அங்கேயே, சரிவிலேயே, ஆயில் குச்சியை உருவித் துடைத்துச் செருகிப் பார்த்தார். நுனியில் மட்டும் ஈரம். அடடா, இதுதான் விஷயம் என்று ஷெட்டிலிருந்து ஆயிலைக் கொண்டுவந்து ஊற்றினார். பார்த்தார். இன்னும் குறைவாகத் தெரிந்தது. மறுபடி ஊற்றினார். 'வண்டி சமதரையில் நிற்கும்போது' என்ற மூன்று வார்த்தைகள் அதே பக்கத்தில்தான் இருந்தன. அவர் அவற்றுக்கு அடிக்கோடு போட்டிருக்கவில்லை.

ஆயில் ஊற்றியும் கிளம்பவில்லை. அதற்கப்புறம்தான் டேங்கிலிருந்து வரும் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். டேங்குக்கு அடியில் சின்னத் திருகு ஒன்று இருந்தது. மூடியிருந்தது. குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்ததும் வண்டி நின்றிருக்கிறது. அவ்வளவுதான்.

"இதை யாரு மூடினா?" என்று அவர் வண்டியைத்தான் கேட்டார்.

திருகைத் திறந்தார். சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது. கூடவே புகையும் கிளம்பியது. வெள்ளை வெளேரென்று, கம்பளம் விரித்ததுபோல, வாசலை மூடி, வெண்டல் வீட்டை மூடி, தெருவைத் தாண்டிப் போனது. எதிர்வீட்டில் யாரோ போன் செய்துவிட்டார்கள்.

ஹால்பர்க்கின் தீயணைப்புப் படையில் சம்பளக்காரர்கள் யாரும் கிடையாது. சைரன் கேட்டால் அவரவர் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவார்கள். வங்கி மேலாளர் டை கட்டியபடியே தீயணைப்பு வண்டியில் தொங்கிக்கொண்டு வந்தார். முடிதிருத்துகிறவர் வந்தார், பாதி முடி வெட்டிய தலையோடு அவருடைய வாடிக்கையாளரும் கூடவே வந்திறங்கினார். அவரும் படையில் இருந்தார்.

"தீ எங்க?" என்றார் வங்கி மேலாளர்.

"தீ இல்ல" என்றார் மெர்வின். "ஆயில் கொஞ்சம் ஜாஸ்தி."

எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்று தலையை ஆட்டினார்கள். ஒருவர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்து மரியாதையோடு விசில் அடித்தார். வந்ததுதான் வந்தோம் என்று காபி குடித்தார்கள். மெர்வின் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்டிருந்த பலகாரத்தையும் காலி செய்தார்கள். போகும்போது ஒவ்வொருவராகத் தனியே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்கள்:

"மெர்வின், சனிக்கிழமை எனக்கு வேலை ஒண்ணும் இல்ல. என் வண்டியைக் கொண்டாந்து..."

"வேண்டாம். ரொம்ப நன்றி."

"கரினுக்குத் தெரியவே வேண்டாம்."

"எனக்குத் தெரியுமே" என்றார் மெர்வின்.

அன்று மாலைவரை அவர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அதிகமான ஆயிலை வடித்து, அளவைப் பார்த்து, மறுபடி வடித்துக்கொண்டிருந்தார். சட்டை பாழாகிவிட்டது. ஆனால் ஆயில் எங்கே போகிறது, எங்கே வருகிறது, எவ்வளவு நின்றால் சரி என்பதெல்லாம் நைல் நதி மாதிரி மனதில் பதிந்துவிட்டது.

அதற்குள் புல் முழங்காலைத் தொட்டது. கரின் வருவதற்கு அதிக நாள் இல்லை.

அடுத்த புதன்கிழமை ஃபெர்ன் நூடுல்ஸோடு வந்துபோனார். வியாழக்கிழமை காலை மெர்வின் பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பினார். வண்டி அழகாகக் கிளம்பியது. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார். நின்றது. மறுபடி கிளப்பினார். காலை எடுத்தார். நின்றது.

வேலியைத் தாண்டி வெண்டல் வந்தார். பார்த்தவுடனே சொல்லிவிட்டார். "இருக்கை சுவிட்ச். ஆள் உட்கார்ந்திருக்கிறது வண்டிக்குத் தெரியல. நீ ஒல்லி, அதான்."

"போன வாரம் தெரிஞ்சதே?"

"போன வாரம் அந்த ருபார்ப் பலகாரத்தை நிறையச் சாப்பிட்டிருப்பே." வெண்டல் இருக்கையைத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து துண்டு ஒயரை எடுத்தார். "இந்தா, இந்த ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல இதைச் செருகிட்டா போதும். ஆள் இருக்கான்னு வண்டி நம்பிடும். என் வண்டி பல வருஷமா இப்படித்தான் ஓடுது."

"புத்தகத்துல அதைச் செய்யவே கூடாதுன்னு போட்டிருக்கு. கட்டம் கட்டிப் போட்டிருக்கு."

"புத்தகம் எழுதறவன் கோர்ட்டுக்குப் பயந்து எழுதறான். உனக்கு கோர்ட்டு பயமா, கரின் பயமா?"

மெர்வின் புல்லைப் பார்த்தார். சிமெண்டை நினைத்தார். "செருகு" என்றார்.

வண்டி ஓடியது. பிளேடைப் போட்டதும் அடியிலிருந்து அந்த ஓசை வந்தது. கோடைக் காலங்களில் சமையலறை ஜன்னல் வழியாக அவர் கேட்டுக்கொண்டே மாவு பிசைந்த அதே ஓசை. முதல் வரி நேராக விழுந்தது. வெட்டிய புல்லின் வாசனை எழுந்தது.

இரண்டாவது வரியில் ஓர் ஆஷ் மரக்கிளை குறுக்கே கிடந்தது. காலையில் எல்லாவற்றையும் பொறுக்கியிருந்தார். இது இப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். பிரேக்கை மிதித்தார். முழங்கால் ஸ்டீரிங்கில் இடித்ததால் பெடல் முழுவதும் கீழே போகவில்லை. பெடலை அழுந்திய நிலையிலேயே பிடித்துவைக்கும் கொக்கியை இழுத்தார். மாட்டியது போலத்தான் இருந்தது. இறங்கினார்.

ஆள் இறங்கினால் வண்டி அணைந்துபோக வேண்டும். அணையவில்லை. கொக்கி 'டக்' என்று விடுபட்டது. வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டு, தன்பாட்டுக்குக் கிளம்பியது.

வேகம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நடந்து போகிற வேகம்தான். ஆனால் அடியில் பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது. அது வேலி முடிகிற இடத்தில் மெர்வின் வீட்டு எல்லையைத் தாண்டி, வெண்டலின் புல்வெளியில் ஒரு நேர்க்கோடு போட்டு, அவர் மனைவி அந்த வாரம் பறிக்கவிருந்த ருபார்ப் பாத்திக்குள் மரியாதையாக நுழைந்தது.

"யோவ், யோவ், யோவ்!" என்று கத்திக்கொண்டே வெண்டல் அதன்மேல் தாவப் பார்த்தார்.

"கிட்டப் போகாதீங்க!" என்று ஒரு குரல் கிறீச்சிட்டது. "பிளேடு சுத்துது! பின்னால நில்லுங்க, ரெண்டு பேரும்!"

ஃபெர்ன். காலிக் கண்ணாடிப் பாத்திரத்தை ஷெட்டிலிருந்து எடுத்துக்கொண்டு திரும்பியவர், வாசல் பாதையில் நின்றிருந்தார். கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்து சிதறியது. இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

வண்டி ருபார்ப்பை முடித்துக்கொண்டு, சாலையோர வாய்க்காலில் மூக்கைக் குத்தி இறங்கியது. அங்கே இருந்த ஈரக் கோரை பிளேடில் சுற்றிக்கொண்டது. வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது. அப்புறம் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

மெர்வின் போய்ச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஃபெர்ன் நேராக வெண்டலிடம் வந்தார். அவர் தோள் உயரம்கூட இல்லை. "வெண்டல், அந்தச் சுவிட்சை எதுக்கு வச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? ஆள் இறங்கினா வண்டி சாகணும். அதுக்குத்தானே! இன்னைக்கு அவர் காலு போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

"என் வண்டியில பல வருஷமா..."

"உங்க வண்டியிலயும் எடுங்க. இன்னைக்கே எடுங்க."

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். ஃபெர்ன் இதற்குமுன் யாரையும் அதட்டி ஊர் பார்த்ததில்லை. அதட்டி முடித்ததும் அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "தப்பு என்னுது" என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்து சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"ஒரு பாத்திரம்தானே, ஃபெர்ன். விடுங்க" என்றார் மெர்வின்.

வண்டியைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். மற்றவர்கள் போன பிறகு மெர்வின் ஷெட்டில் தனியாக இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். வெண்டல் ஒயர் செருகியிருந்த அந்த முனையில் மாட்ட வேண்டிய செருகி பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சில் ஒரு கோளாறும் இல்லை. கழன்றுதான் கிடந்தது. துண்டு ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் செருகியை மாட்டினார்.

பிறகு இருக்கைக்கு அடியில் இருந்த கொக்கியைத் தேடினார். பிரேக் ஏன் முழுதும் இறங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். வெண்டல் முதல் நாளே சொன்னதுதான். கொக்கியைத் தூக்கி இருக்கையைப் பின்னால் இழுப்பது ஒரு நொடி வேலை. மெர்வின் கொக்கியில் கையை வைத்தபடி ஆர்டிஸின் கால் அளவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே ஏரியில் லூன் பறவை ஒன்று கூப்பிட்டது. அப்புறம் இழுத்தார். இருக்கை நகரும் இரும்புத் தடத்தில் பழைய இடம் மட்டும் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருந்தது.

ஏறி உட்கார்ந்தார். பெடல் தரைவரை போனது.

மறுநாள் வண்டியை அணைத்து, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு, அடியில் சுற்றியிருந்த கோரையைக் குச்சியால் சுரண்டினார். பிளேடு வளையவில்லை. தொப்பியை அழுத்தி மாட்டிவிட்டு முன்பக்கம் முழுவதையும் வெட்டினார். புல் மிகவும் வளர்ந்திருந்ததால் முதலில் உயரமாக ஒரு தடவை, பிறகு தாழ்வாக ஒரு தடவை. அதற்கடுத்த நாட்களில் பக்கவாட்டுத் தோட்டத்தையும் முடித்தார். ஏரிச் சரிவை மட்டும் ஈரம் காயட்டும் என்று விட்டுவைத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை கரின் வந்தாள். காரிலிருந்து இறங்கிப் புல்வெளியை நீளமாகப் பார்த்தாள். கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக விழுந்திருந்தன.

"வெண்டல் வெட்டினாரா?"

"நான் வெட்டினேன்."

"தீயணைப்புப் படை வெட்டினாங்களா?"

"அவங்க வந்தாங்க. ஆனா அது வேற விஷயம்."

"அப்பா, இந்த ஊரை எனக்குத் தெரியும். யாராவது விடியக்காலையில வந்து வெட்டிட்டுப் போயிருப்பாங்க. கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதும்பாங்க. நாளைக்குக் காலையில என் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டுங்க."

சனிக்கிழமை காலை, ஏரிச் சரிவில் பனி உலர்ந்திருந்தது. ஷெட்டு முன்னால் கரின் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெண்டல் தற்செயலாக வேலிப் பக்கம் வந்திருந்தார். ஃபெர்ன் விடிந்ததுமே ஒரு காபி கேக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றிருந்தார்.

மெர்வின் ஏறினார். பிரேக்கை மிதித்தார். சாவியைத் திருப்பினார். வண்டி கரகரவென்று சுற்றியது. பற்றிக்கொள்ளவில்லை. மறுபடி. கரகர. மறுபடி.

கரினின் முகம் மாறியது. கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. இரக்கமாக இருந்தது. "அப்பா, போதும். இறங்குங்க. நாம பேசலாம்" என்றாள் மெல்ல.

"கொஞ்சம் இரு" என்றார் மெர்வின்.

சாவியை எடுத்துப் பையில் போட்டார். இறங்கினார். கறுப்பு ஒயரை அசைத்துப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. டேங்கின் திருகைத் தடவினார், திறந்திருந்தது. குனிந்து ஆயில் குச்சியைப் பார்த்தார். சமதரை, சரியான அளவு. இருக்கையைத் தூக்கினார், செருகி மாட்டியிருந்தது. அவர் அவசரப்படவே இல்லை. முன் மூடியைத் திறந்தார். ஸ்பார்க் பிளக்கின் தொப்பி கழன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"நான்தான் சரியா மாட்டல போல" என்று சொல்லிக்கொண்டே, 'டப்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினார். மூடியைச் சாத்தினார். ஏறினார். திருப்பினார்.

வண்டி பற்றிக்கொண்டது.

கரின் கட்டியிருந்த கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

மெர்வின் சரளைப் பாதையைத் தாண்டும்வரை பிளேடைப் போடவில்லை. சரிவில் மேலும் கீழுமாக, ஒருமுறைகூடக் குறுக்கே போகாமல், மெதுவாக ஓட்டினார். கரையருகே பின்னால் எடுக்க வேண்டியிருந்தபோது பிளேடை அணைத்துவிட்டு இரண்டு தோள்களுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்தார். முடிந்ததும் ஷெட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, பிரேக் போட்டு, சாவியை எடுத்து, பிளேடின் ஓசை முழுதும் அடங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் இறங்கினார்.

வெண்டல் புல்வெளியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "மோசமில்ல" என்றார். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சமையலறையில் கரின் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் சட்டையிலிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டே இருந்தாள். "சரி, அப்பா. நீங்க இங்கேயே இருங்க. வீட்டைப் பத்தி இனிமே நான் பேசல." கொஞ்சம் பொறுத்து, "இதெல்லாம் எப்படிக் கத்துக்கிட்டீங்க? அந்தப் புத்தகத்தைப் படிச்சா?" என்றாள்.

"புத்தகத்துல பாதி. மீதி அந்த வண்டியே சொல்லிக் குடுத்துச்சு. வாரத்துக்கு ஒண்ணா கெட்டுப்போயிடுச்சு. வேற வழி?"

கரின் சிரித்தாள். மெர்வினும் சிரித்தார். ஆர்டிஸ் போன பிறகு அந்தச் சமையலறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. வெண்டல் காபி கேக்கில் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார். கரின் மாடிக்குப் போய்ப் பூச்சாடியை எடுத்துவரக் கிளம்பினாள். கல்லறைக்குப் போக வேண்டும்.

ஃபெர்ன், கரினின் காலடி ஓசை மாடிப்படியில் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, மெர்வினின் பக்கம் குனிந்தார்.

"மெர்வின், போன இலையுதிர்காலத்துலயே ஆர்டிஸ் என்னை ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போய், 'நான் போனதுக்கப்புறம் வாரத்துக்கு ஒண்ணா கழட்டிவிடு, அப்பத்தான் அந்த மனுஷன் முழு வண்டியையும் கத்துக்குவான்'னு ஒவ்வொண்ணா காட்டினா, பெல்ட்டு ஒண்ணுதான் பாக்கி இருக்கு, வர்ற புதன்கிழமை வந்து கழட்டட்டுமா, இல்ல இது போதுமா?"